கொட்டாஞ்சேனையின் யுத்தக் கடன்

வெள்ளவத்தை
3 டிசம்பர் 1932

கண்ணியமுள்ள மச்சான் மீரா சாஹிப் அவர்களுக்கு மஜீட் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் உதவியால் இங்கே நானும் நளீபாவும் பிள்ளைகளும் சுகம். ராத்தாவின் முழங்கால் வலி இந்த மழைக்குக் கூடியதா, குறைந்ததா என்று அறிய ஆவல்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். வருகிற ஹஜ்ஜுக்கு அல்ல, அதற்கடுத்த ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்திருக்கிறேன். புறக்கோட்டையில் துணி வியாபாரம் எப்படி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பு பத்துச் சீலை வாங்கிய தோட்டத்துக் கடைக்காரர் இப்போது மூன்று வாங்கி அதற்கும் தவணை சொல்கிறார்.

பதினைந்தாம் ஆண்டுச் சிங்கள முஸ்லிம் கலவரத்தில் உங்கள் கடை எரிந்தபோது, அதைத் திரும்பக் கட்ட நான் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். எண்ணூறு திரும்பி வந்தது. மீதி ஆயிரத்து இருநூறு. நாலு வருஷமாக ஒன்றும் வரவில்லை. காலம் கெட்டுப் போயிருக்கிறது என்று நானும் வாய் திறக்கவில்லை. இப்போது அந்தச் சல்லிதான் என் கப்பல் கூலி.

ஒரே ஊரில் இருந்துகொண்டு ஏன் தபாலில் கேட்கிறான் என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். அதைக் குடித்துக்கொண்டு எனக்குக் கேட்க வராது.

பிள்ளைகள் உங்களுக்கும் மாமிக்கும் ஸலாம் சொல்கிறார்கள்.

அன்பு மறவா
மஜீட்


கொட்டாஞ்சேனை
18 டிசம்பர் 1932

மதிப்புக்குரிய மஜீட் அவர்களுக்கு, வஅலைக்குமுஸ் ஸலாம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் சகோதரியின் முழங்கால் பழையபடிதான். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, இடது கையைத் தவிர.

தாங்கள் ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்தது பற்றிச் சந்தோஷம். பணத்தைப் பற்றிப் பதினைந்து நாள் யோசித்தேன். யோசிப்பதற்கு உலகமும் உதவி செய்தது.

பக்கத்து வீட்டுச் செபஸ்தியனைத் தாங்கள் அறிவீர்கள். கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகப் பண்டசாலையில் கிளாக்கராக இருக்கிறார். இங்கிலீஷ் பேப்பரைக் காசு கொடுத்து வாங்குவது அவர், அதை விளங்கிக்கொள்வது நான். மகாயுத்தத்தில் அமெரிக்கா இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் கடன் கொடுத்தது. இந்த மாதம் பதினைந்தாம் தேதி அதற்குத் தவணை. இங்கிலாந்து முணுமுணுத்துக்கொண்டு தங்கமாகக் கட்டியது. பிரான்ஸ் கட்டவில்லை. கட்டுவோம் என்று சொன்ன மந்திரிசபையை அவர்களுடைய சபையே கவிழ்த்துவிட்டது.

பிரான்ஸ்காரன் சொல்லும் நியாயத்தைக் கேளுங்கள். யுத்தம் நடந்தது எங்கள் மண்ணில். செத்தவர்கள் எங்கள் ஆட்கள். நீங்கள் அனுப்பியது பணம். இருவருக்கும் எதிரி ஒருவன்தான். அப்படியிருக்க, நாங்கள் கொடுத்த இரத்தத்துக்குக் கணக்கில்லை, நீங்கள் கொடுத்த பணத்துக்கு மட்டும் கணக்கா?

பதினைந்தாம் ஆண்டில் தங்கள் கடைத் துணி முழுவதையும் புறக்கோட்டையிலிருந்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். வாடகை வாங்காமல் இரண்டு முறை மாட்டுக் கரத்தையில் ஏற்றி வந்தார் ஒரு சிங்களக் கரத்தைக்காரர். இரண்டாம் முறை துணியோடு திரும்பும் வழியில் என் கடை எரிந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு வந்து இந்த வீட்டுக் கதவில் நின்றேன். கலவரக்காரர் அடித்து இடது கை முறிந்ததும் இங்கேதான். தங்கள் துணியில் ஒரு முழம் குறையவில்லை.

ஆகவே நானும் பிரான்ஸ் பக்கம். கொஞ்சம் பொறுங்கள்.

தங்கள்
மீரா சாஹிப்


வெள்ளவத்தை
9 ஜனவரி 1933

மச்சான் அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு காலத்தில் எல்லோரும் ஆரோக்கியமாக இருக்க துஆச் செய்கிறேன்.

நீங்கள் பிரான்ஸ் என்றால் நான் அமெரிக்கா ஆக வேண்டியிருக்கிறது. சரி. அமெரிக்காக்காரனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. அவன் தன் குடிமக்களிடம் பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கியது. நானும் அந்த இரண்டாயிரத்தில் பாதியை நளீபாவின் வாப்பாவிடம் வாங்கித்தான் உங்களுக்குத் தந்தேன். அவருடைய பங்கை இரண்டே வருஷத்தில் திருப்பிக் கொடுத்தேன். அவரிடம் போய் யுத்தம் என்று சொல்லவில்லை. வட்டி நம் மார்க்கத்தில் இல்லை. ஆனால் முதல் இருக்கிறது.

உங்கள் கையைப் பற்றி எழுதினீர்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் மச்சான், அன்று நீங்கள் காத்தது உங்கள் வீட்டுக் கதவை. என் துணி உள்ளே இருந்தது, அவ்வளவுதான். துணி இல்லாவிட்டாலும் அந்தக் கதவில் நின்றிருப்பீர்கள்.

இது தீரும்வரை பெருநாளைக்கு நான் அங்கே வருவது இருவருக்கும் சங்கடம். பிள்ளைகளை மட்டும் அனுப்பவும் மனம் வரவில்லை. ராத்தாவிடம் சொல்லுங்கள்.

மஜீட்


கொட்டாஞ்சேனை
12 பெப்ரவரி 1933

என் உடன்பிறந்த தம்பி மஜீடுக்கு ராத்தா லுத்பியாவின் ஸலாமும் துஆவும்.

எனக்குத் தமிழை அறபு எழுத்தில் எழுதும் அறபுத் தமிழ்தான் ஓடும் என்று உனக்குத் தெரியும். வாசிக்க மறந்திருந்தால் நளீபாவிடம் கொடு. நீ சுகமா? பிள்ளைகளின் இருமல் நின்றதா? இங்கே சுகந்தான்.

பெருநாளைக்கு நீ வராததால் வட்டிலப்பம் மிஞ்சியது. செபஸ்தியன் வீட்டுக்குப் பாதி அனுப்பினேன். அவருடைய மனைவி திரேசம்மா தட்டைத் திருப்பித் தரும்போது, அண்ணன் முறை சொல்லி, "மஜீட் நானா வரல்லியா?" என்று கேட்டாள். வெள்ளவத்தையில் காற்று அதிகம் என்று ஏதோ சொன்னேன்.

உன் கடிதம் வந்த அன்று இவர் நோன்பு திறந்து பேரீச்சம்பழம் ஒன்று தின்றார், தண்ணீர் குடித்தார், எழும்பிவிட்டார். கஞ்சி அப்படியே இருந்தது. கதவு என்று நீ எழுதியதைச் செபஸ்தியனுக்குக்கூட வாசித்துக் காட்டவில்லை. மற்றதையெல்லாம் காட்டினார். அமெரிக்காவைப் பற்றி நீ எழுதியதைக் கேட்டு, "உங்கட மச்சினனுக்கு வக்கீல் வேலை கிடைச்சிருக்கோணும், நானா" என்று செபஸ்தியன் சொன்னார். இவர் சிரித்தார். அது வேறு விஷயம்.

இவருடைய சட்டைக் கையை நான்தான் இன்றைக்கும் மாட்டிவிடுகிறேன் மஜீட். உனக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. எழுதும்போது வந்தது.

திரேசம்மா மாதத்தில் ஒரு தரம் தன் தங்கச்சியைப் பார்க்க வெள்ளவத்தைக்கு வருகிறாள். அவள் கையில் ஐந்து ரூபாய் அனுப்பியிருக்கிறேன். தொழுகைத் தொப்பி பின்னிப் பள்ளிவாசல் தெருக் கடைக்குக் கொடுக்கிறேன். அந்தச் சல்லி. ஒவ்வொரு மாதமும் வரும். கடனில் கழித்துக்கொள். இவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் வெட்கப்படுவார், பிறகு கோபப்படுவார், கடைசியில் தொப்பி பின்ன விடமாட்டார். நீ ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். எனக்கு அவ்வளவுதான்.

நளீபாவுக்கு ஸலாம் சொல்.

ராத்தா


வெள்ளவத்தை
6 மார்ச் 1933

அன்புள்ள ராத்தாவுக்கு, தம்பியின் ஸலாம்.

இதைத் திரேசம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடு. உன் ஐந்து ரூபாயைத் திருப்பி அனுப்பத்தான் உறையில் வைத்தேன். நளீபா எடுத்துவிட்டாள். "ராத்தாவைப் பிச்சைக்காரி ஆக்கப் போறீங்களா? அவ கட்டுறது கடன். வாங்கிக்கங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். ஒருவரிடமும் சொல்லமாட்டேன். வாக்கு.

கஞ்சி குடிக்காததைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

உன் முழங்காலுக்கு நளீபா காய்ச்சிய தைலம் இத்துடன் வருகிறது.

மஜீட்


கொட்டாஞ்சேனை
19 ஜூன் 1933

மதிப்புக்குரிய மஜீட் அவர்களுக்கு ஸலாம். மழை நேரத்துக்குப் பெய்கிறது, எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்க ஆசிக்கிறேன்.

தாங்கள் பேப்பர் பார்த்திருப்பீர்கள். இந்த மாதத் தவணையை இங்கிலாந்து முழுதாகக் கட்டவில்லை. ஆனால் கடனையே மறுக்கிறோம் என்றும் சொல்லவில்லை. கடன் இருப்பதை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகக் கொஞ்சம் கட்டியிருக்கிறது. அதுவும் வெள்ளியாக. அமெரிக்கா அந்த வெள்ளிக்குச் சந்தை விலைக்கு மேலே மதிப்புப் போட்டு வாங்கிக்கொண்டதாம். பெரிய மனம் என்று செபஸ்தியன் சொல்கிறார். நான் அதைத் தங்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன்.

பிரான்ஸ் பக்கம் நின்றது கொஞ்சம் முரட்டுத்தனம் என்று இப்போது தோன்றுகிறது. நானும் கடனை ஒருநாளும் இல்லையென்று சொல்லவில்லை. ஆகவே இங்கிலாந்தைப் பின்பற்றி, அடையாளமாக ஒரு வெள்ளிப் பன்னீர்ச் செம்பை இத்துடன் அனுப்புகிறேன். அலுமாரியில் பழந்துணிக்குப் பின்னால் கிடந்தது. தேய்த்தால் நல்ல வெள்ளி. நிறுத்துப் பாருங்கள். மதிப்புப் போடும்போது அமெரிக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள்
மீரா சாஹிப்


வெள்ளவத்தை
2 ஜூலை 1933

மச்சான் அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

வெள்ளி வந்தது. நிறுத்துப் பார்க்கவில்லை. அடியில் எங்கள் வாப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறது. ராத்தாவின் கலியாணத்துக்கு எங்கள் வாப்பா சீராகக் கொடுத்த செம்பு இது. அன்று பந்தலில் உங்கள் தலைக்குப் பன்னீர் தெளித்ததும் இதைக் கொண்டுதான். அதை எங்களுக்கே கடனாகக் கட்டியிருக்கிறீர்கள்.

நளீபா நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். நான் கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை. இங்கிலாந்து அமெரிக்காவுக்குக் கட்டியது எந்த வெள்ளி என்று செபஸ்தியன் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்திய அரசாங்கத்தின் வெள்ளி. உங்களுக்கு முன்மாதிரி சரியாகத்தான் கிடைத்திருக்கிறது.

செம்பைத் திருப்பி அனுப்புகிறேன். ராத்தாவிடம் கேட்காமல் எடுத்திருப்பீர்கள். கேட்காமலே அலுமாரியில் வைத்துவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும். எல்லா நாடும் சாக்குச் சொல்லும்போது பின்லாந்து என்று ஒரு சிறிய நாடு ஒரு சதம் குறையாமல் கட்டியிருக்கிறது. சத்தம் போடவில்லை. கடிதம் எழுதவில்லை. கட்டிவிட்டு இருக்கிறது. அப்படிப்பட்ட ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள் மச்சான், சில வேளை நாம் நினைப்பதைவிடக் கிட்ட.

மஜீட்


கொட்டாஞ்சேனை
10 ஜூலை 1933

மதிப்புக்குரிய மஜீட் அவர்களுக்கு ஸலாம். இங்கே நலம்.

செம்பு அலுமாரியில் இருக்கிறது. தங்கள் சகோதரிக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஆனால் நேற்று அதற்குப் புளி போட்டுத் தேய்த்து முன்பக்கத்தில் வைத்திருந்தாள்.

பின்லாந்தைப் பற்றிச் செபஸ்தியனிடம் விசாரித்தேன். பனியும் மரமும் உள்ள ஊராம். அந்தக் கடன் யுத்தச் செலவுக்கு வாங்கியது அல்ல, சண்டை ஓய்ந்த பிறகு சாப்பாட்டுக்கு வாங்கியதாம். தொகையும் சின்னத் தொகை. யுத்தத்தில் கை முறியாதவன் கடனைக் கட்டுவதில் என்ன ஆச்சரியம்? தாங்கள் தூரத்து நாடுகளை விட்டுவிட்டுக் கிட்ட உள்ள மனிதர்களைப் பாருங்கள்.

தங்கள் கடிதத்தில் கதவைப் பற்றி எழுதியதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை.

மீரா சாஹிப்


வெள்ளவத்தை
24 ஜனவரி 1934

கண்ணியமுள்ள மச்சான் மீரா சாஹிப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி.

ஆறு மாதத்துக்கு மேலாக எழுதவில்லை. கையில் சுகக்கேடு ஒன்றும் இல்லை, மனதில்தான். நோன்பும் பெருநாளும் உங்களுக்கு நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இது நாம் ஒன்றாகச் சாப்பிடாத இரண்டாவது நோன்புப் பெருநாள்.

தெஹிவளையில் இருந்த காணித் துண்டை விற்றுவிட்டேன். பெப்ரவரி கடைசியில் கப்பல். அல்லாஹ் நாடினால் இந்த வருஷம் ஹஜ்.

போகிறவன் எல்லோரிடமும் பிழை பொறுக்கும்படி பொறுப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். என்னிடம் வாங்கியவர், எனக்கு விற்றவர், நான் வேலையிலிருந்து நிறுத்தியவர் என்று ஒருவரையும் விடவில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அது எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியும்.

மச்சான், அந்த ஆயிரத்து இருநூறை விட்டுவிட்டேன். ஹலாலாக்கிவிட்டேன். மறுமையிலும் கேட்கமாட்டேன். நான் எழுதியதில், பேசியதில் பிழை இருந்தால் நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஜீட்


கொட்டாஞ்சேனை
26 ஜனவரி 1934

மஜீட் அவர்களுக்கு வஅலைக்குமுஸ் ஸலாம். தங்கள் பயணம் நிச்சயமானதற்கு அல்லாஹ்வுக்கே புகழ். இரவு முழுவதும் தங்கள் சகோதரி சந்தோஷத்தில் நித்திரை கொள்ளவில்லை.

கடனை விட்டுவிட்டதாக எழுதியதை நான் ஏற்கவில்லை. இத்தனை நாள் நான் சாக்குச் சொன்னது கொடுக்கக்கூடாது என்றல்ல. கையில் இல்லாதபோது வாயில் ஏதாவது இருக்க வேண்டுமே. தாங்கள் தள்ளுபடி செய்தால், மஜீட் தர்மம் செய்தான், மீரா சாஹிப் வாங்கினான் என்று கதை முடியும். கலவரத்தில் அடிபட்டவன் கடைசியில் ஸதக்கா வாங்கினவன் ஆவான். அது வேண்டாம்.

பொறுப்புக் கேட்பதைத் தபாலில் கேட்பது எந்தக் கிதாபில் இருக்கிறது என்று தெரியவில்லை. முத்திரை ஒட்டி மன்னிப்பு அனுப்ப முடியுமானால் ஹஜ்ஜையும் தபாலில் செய்யலாம். கடன் பேச இங்கிலாந்து மந்திரிமார் கப்பலேறி வாஷிங்டனுக்குப் போகிறார்கள். கோட்டையில் றெயிலை விட்டிறங்கிக் கொட்டாஞ்சேனைக்கு வரத் தங்களுக்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன்.

மீரா சாஹிப்


கொட்டாஞ்சேனை
5 பெப்ரவரி 1934

தம்பி மஜீடுக்கு ராத்தாவின் ஸலாம். வீடு போய்ச் சேர்ந்தாயா? மழையில் நனைந்து போனாய். இஞ்சி போட்டுக் குடித்தாயா?

நேற்று நீ படியிறங்கிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நடந்ததில் நான் திரைக்கு உள்ளேயிருந்து கேட்டதையும் எழுதுகிறேன். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று நீயே பார்த்துக்கொள்.

நீ வந்து உட்கார்ந்ததும் செபஸ்தியன் எழும்பப் பார்த்தார். "ஈங்க செபஸ்தியன். சாட்சி வேணும்" என்று இவர் உட்கார வைத்தார். கப்பலைப் பற்றிக் கொஞ்சம், ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் துணியைப் பற்றிக் கொஞ்சம் பேசினாய். எனக்கு உள்ளே அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, நகர மனமில்லை.

பிறகு நீ சொன்னாய்: "மச்சான், அண்டைக்கு நீங்க நிண்டது எங்கட துணிக்காக. துணி இங்க ஈக்கிற எண்டு தெரிஞ்சுதான் அவனுகள் வந்த. வெறும் வீடா இருந்தா ஒருத்தனும் வந்தீக்க மாட்டான். கை போனதும் எனக்காகத்தான். நான் மாத்தி எழுதின. பொறுத்துக்கங்க."

கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இவர் எழும்பி நின்று வலது கையை நீட்டினார். பிறகு இடது கையையும் எவ்வளவு உயருமோ அவ்வளவு உயர்த்தி உன் கையைப் பிடித்தார். "பொறுத்தாச்சு. போய்ட்டு வாங்க" என்றார். செபஸ்தியன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். இவர் விடவில்லை. ஆயிரத்து இருநூறு, மாதம் இருபத்தைந்து வீதம் நளீபா கையில் தருவேன் என்று ஆரம்பித்தார். நீயும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆயிரத்து நூற்று நாற்பது என்று திருத்தினாய். இவர் உனக்குக் கணக்குப் பிழை என்றார். "பிழையில்ல மச்சான். ஒரு சதம் கூடுதலா எடுத்துக்கிட்டு நான் மக்காவுக்குப் போகேலாது" என்றாய். அறுபது ரூபாய் யார் கட்டியது என்று இவர் கேட்க, வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்ல முடியாது என்றாய். அப்போது செபஸ்தியன் வாயைத் திறந்தார். "பின்லாந்தா இருக்கும், நானா."

நீ எழும்பி ஸலாம் சொல்லிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாய். செபஸ்தியனும் குடையைத் தேடிக்கொண்டு போனார். அவர் வந்தபோது குடை கொண்டுவரவில்லை.

இவர் குசினி வாசலுக்கு வந்தார். நான் திரும்பவில்லை. பொரித்துக்கொண்டிருந்தேன்.

"யுத்தத்தில நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும் என்ட வீடுதானே" என்றேன்.

அங்கேயே நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். ஒரு தொப்பி என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டார். முக்கால் ரூபாய் என்றேன். "குறைய விக்கிறாய். கடைக்காரன் ஒண்டரை ரூபாய்க்குப் போடுறான். நாளைக்கு நான் போய்க் கதைக்கிறன்" என்றார். பிறகு பொரித்ததில் இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

இன்று காலையில் கடைக்குப் போனார். ஒரு ரூபாய்க்குச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

கஃபாவைக் காணும்போது முதல் துஆ உன் பிள்ளைகளுக்குக் கேள். எனக்கு முழங்காலுக்குக் கேட்டால் போதும். வேறு குறையில்லை.

ராத்தா


கொட்டாஞ்சேனை
17 ஜூன் 1934

ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில் பம்பாயில் துணி வாங்கத் தங்கியிருக்கும் ஹாஜி மஜீடுக்கு, மச்சான் மீரா சாஹிபின் ஸலாம்.

உன் கடிதமும் நீ அனுப்பிய பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் பத்திரமாக வந்தன. மதீனாவில் காய்ச்சல் வந்ததாக எழுதியிருந்தாய். இப்போது தேறிவிட்டாயா? பம்பாய்ச் சாப்பாடு உனக்குப் பிடிக்காது, தெரியும். பால் குடி. இங்கே உன் ராத்தா சுகம். முழங்காலைப் பற்றிக் கேட்டால், மக்காவில் என் தம்பி கேட்டிருக்கிறான், இனிக் கதைக்கக்கூடாது என்கிறாள். வலி இருக்கிறது. ஒப்புக்கொள்ளமாட்டாள்.

மாதத் தவணை ஒழுங்காகப் போகிறது. முதல் மாதம் நானும் உன் ராத்தாவும் ஒன்றாக உன் வீட்டுக்குப் போனோம். நீ அந்த வீட்டைக் கட்டி மூன்று வருஷமாகியும் நான் உள்ளே வந்ததில்லை. நல்ல வீடு. கடல் காற்று மட்டும் பேப்பரை வாசிக்க விடாது. ஒரு கையால் பிடிக்கிறவனுக்கு அது பெரிய தொல்லை. நளீபா நாலு மூலையிலும் பாக்குவெட்டி, பாக்கு உரல் என்று பாரம் வைத்துத் தந்தாள். உன் இளையவன் என்னிடம் பதினைந்தாம் ஆண்டுக் கதையைக் கேட்டான். சொன்னேன். கரத்தைக்காரரையும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பேன், வந்ததும் திருத்திக்கொள்.

பேப்பர் பார்த்தாயா? நேற்று முந்தினம் தவணை நாள். இங்கிலாந்து இந்த முறை அடையாளத்துக்கும் ஒன்றும் கட்டவில்லை. பிரான்சும் இல்லை, மற்றவர்களும் இல்லை. கட்டியது பின்லாந்து மட்டும். அதை வாசித்தபோது உன் ராத்தா தொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இன்று காலை றெயிலுக்குப் புறப்பட்டேன். செபஸ்தியன் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தவர் வழியை மறித்தார். "இங்கிலாந்தே கையை விரிச்சிட்டான். இனி நீங்க என்னத்துக்கு நானா சல்லியைக் கொண்டு ஓடுறீங்க?" என்றார்.

"அவனுக்கு வாஷிங்டன் தூரம், செபஸ்தியன்" என்றேன். "எனக்கு வெள்ளவத்தை கிட்ட."

துணி வாங்கும்போது கரையைப் பார்த்து வாங்கு. வேளைக்கு வந்து சேர்.

வஸ்ஸலாம்
மீரா சாஹிப்